‘மரைன்’னு எழுதிட்டா மரைன் ஆயிடுமா? கோவளத்துல நான் காசு கொடுத்துக் கத்துக்கிட்டது

இன்டீரியர் லோன் பத்தி நாம போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், ஈசிஆர் பக்கம் ஃபிளாட் வாங்கியிருக்கோம். கடல் காத்துக்கு வீடு முழுக்க மரைன் பிளைதான் போடணும்னு கான்ட்ராக்டர் சொல்றார். ஸ்கொயர் ஃபீட்டுக்கு அம்பது ரூபா ஏறுது. போடலாமா?"

ரெண்டு வரில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். மனசு வரல. இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே சொந்தக் காசைக் கொடுத்துப் பதில் வாங்கினவன். அதுவும் ஒரு சார்ட்டர்டு அக்கவுன்டன்ட் செய்யவே கூடாத ஒரு தப்பைச் செஞ்சு. வீடியோல சொல்லக் கொஞ்சம் கூச்சமா இருந்தது, அதனால இங்க எழுதறேன்.

2020 கடைசில கோவளம் – கேளம்பாக்கம் ரோட்டுல ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குக் குடிபோனோம். சிறுசேரி சிப்காட்ல என் மனைவிக்கு வேலை, எனக்கு வீட்டிலிருந்தே பாதி வேலை. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் முட்டுக்காட்டுக் கழிமுகம், நேரா போனா கடல். காலைல துவைச்சு மாடில போட்ட துணி சாயங்காலம் தொட்டா லேசா பிசுபிசுன்னு இருக்கும். அந்த மாதிரி இடத்துல "மரைன்"ங்கற வார்த்தையை விக்க யாரும் பெரிசா கஷ்டப்பட வேண்டாம்.

கான்ட்ராக்டர் கொட்டேஷன் கொடுத்தார். கிச்சன், ரெண்டு வார்ட்ரோப், டிவி யூனிட், பாத்ரூம் வாஷ்பேசின் அடியில ஒரு கப்போர்ட், மேல லாஃப்டுக்குக் கதவு. மொத்தம் எட்டுக்கு நாலு ஷீட் 30 வரும்னார். "710 மரைன், லைஃப்டைம் கேரன்டி"ன்னு கொட்டேஷன்லயே டைப் அடிச்சிருந்தார். கூலி, ஃபிட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து 5 லட்சம். கடைசியா குரலைக் கொஞ்சம் தணிச்சு, "சார், பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி வரும், உங்களுக்குத் தெரியாததா?"ன்னார்.

தெரியும். 90,000 ரூபா. ஊருக்கெல்லாம் "பில் வாங்குங்க, பில் வாங்குங்க"ன்னு சொல்ற நான், அன்னைக்கு "சரி, விடுங்க"ன்னு தலையாட்டினேன்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துல கரையைக் கடந்தது. எங்க கிச்சன் ஜன்னல் வழியா சாரல் அடிச்சு, கழுவித் தள்ளற அளவுக்குத் தண்ணி. ராத்திரி முழுக்கக் கரன்ட் இல்லை, காலைலதான் துடைச்சோம். வீட்டுக்குள்ள வெள்ளம் எல்லாம் இல்லை, தரையில ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி நின்னது, அவ்வளவுதான். ஒரு வாரத்துல சிங்க் அடியில இருந்த கப்போர்ட் பலகை பழைய டெலிஃபோன் டைரக்டரி மாதிரி உப்பிடுச்சு. மைக்கா ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். கழட்டிப் புரட்டிப் பார்த்தா, தரையைப் பார்த்த பக்கத்துல மைக்கா ஒட்டலை, வெறும் பலகை. அதுல நீல மசில அழகா ஒரு சீல்: ஐஎஸ் 303, எம்ஆர் கிரேடு.

ரெண்டு வருஷமா அந்த சீல் அங்கதான் இருந்திருக்கு. நான்தான் குனிஞ்சு பார்க்கலை.

கான்ட்ராக்டருக்குப் போன் பண்ணேன். "சார், புயல் வந்தா நான் என்ன பண்ண?"ன்னார். அடுத்த போனை எடுக்கலை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம்னு ஒரு வக்கீல் நண்பர்கிட்ட பேசினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பில் இருக்கா?" நான் சொன்ன பதிலுக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

சரி, இப்போ விஷயத்துக்கு வரேன். முதல்ல இந்த நம்பர் எல்லாம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்.

பிளைவுட்ங்கறது மெல்லிசா சீவின மர ஏடுகளை ஒண்ணு குறுக்கே ஒண்ணு வெச்சு, பசை போட்டு, சூட்டுல அழுத்தின பலகை. ஆக பாதி விஷயம் மரத்துல இல்லை, பசையில இருக்கு. கடைக்காரர் "கமர்ஷியல்"னு சொல்றது எம்ஆர் கிரேடு. அதுல பொதுவா யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. காத்துல இருக்கற ஈரத்தைத் தாங்கும், தேங்கின தண்ணியைத் தாங்காது. பேர்லயே "மாய்ஸ்சர் ரெசிஸ்டன்ட்"னுதானே இருக்கு, "வாட்டர்"னு இல்லையே! அடுத்தது பிடபிள்யூஆர், கொதிக்கற தண்ணிக்கும் ஒரு அளவு தாக்குப்பிடிக்கறது. இந்த ரெண்டுமே ஐஎஸ் 303ங்கற ஒரே இந்தியத் தரநிலைக்குள்ள வருது.

மரைன் பிளைக்குத் தனித் தரநிலை, ஐஎஸ் 710. பிடபிள்யூபின்னு எழுதுவாங்க. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை, அதோட மரத்துக்குப் பூச்சி, பூஞ்சைக்கு எதிரான மருந்தும் ஏத்தியிருக்கணும். வெட்டின துண்டை 72 மணி நேரம் கொதிக்க வெச்சாலும் ஏடு பிரியக் கூடாதுங்கறது சோதனை. மூணு பகல், மூணு ராத்திரி. விலை ஏறறதுக்கு இதுதான் காரணம், கடல் காத்து இல்லை.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. "ஐஎஸ் 303" போட்ட பலகை டூப்ளிகேட் கிடையாது, தரம் கெட்டதும் கிடையாது. என் வீட்டுல போட்டது நல்ல ஐஎஸ்ஐ பலகையாவே இருந்திருக்கலாம். எம்ஆர் விலைக்கு எம்ஆர் வாங்கியிருந்தா எனக்கு யார் மேலயும் கோபம் இல்லை. 710 விலையை வாங்கிட்டு 303-ஐப் போட்டாங்க, அதுதான் திருட்டு.

"மரைன்"னு பேர் வந்ததே படகால. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல 1980கள்ல மரைன் பிளைவுட்ல மீன்பிடிப் படகு கட்ட ஆரம்பிச்சாங்க. வள்ளம், கட்டுமரத்துக்கு வேண்டிய பெரிய மரத்தடி கிடைக்கறது கஷ்டமாகி, விலையும் ஏறின காலம் அது. அப்புறம் தென்னிந்திய மீனவர் சங்கங்களோட கூட்டமைப்பான சிஃப்ஸும் அந்தப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது. அலையில அடிபட்டு, மணல்ல இழுபட்டு, வெயில்ல காயற பலகை அது. நாம அதை டிவி யூனிட்டுக்குக் கேக்கறோம்.

கோவளத்துல இப்போ எல்லாம் ஃபைபர் படகுதான், 2004 சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. ஆனா ஃபைபர் படகுலயும் பின்பக்கம் என்ஜின் மாட்டற இடத்துல உள்ள பிளைவுட் வெச்சு மேல ஃபைபர் பூசுவாங்க. கப்போர்ட் போன சோகத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல குப்பத்துப் பக்கம் நடந்தப்போ, ஒருத்தர் படகைக் கவுத்துப் போட்டு அந்த இடத்தை அறுத்துக்கிட்டு இருந்தார். உள்ள இருந்த பலகை கருத்துப் போய், கையால பிச்சா வருது.

"அண்ணே, இது மரைன் பிளை இல்லையா?"ன்னு கேட்டேன்.

"மரைன்தான் தம்பி. நான்தான் வாங்கினேன். போல்ட் ஓட்டைய சரியா அடைக்கல. ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிட்டா எந்த ப்ளையா இருந்தா என்ன, வெளிய வர வழி ஏது அதுக்கு?"

எப்படிப் பார்த்து வாங்குவீங்கன்னு கேட்டேன். "சீலெல்லாம் பாப்பேன், ஆனா நம்பமாட்டேன். ஒரு துண்டு வாங்கியாந்து உப்புத் தண்ணில போட்டு வெச்சிருவேன். பத்து நாள் கழிச்சு உளியால நெம்பிப் பாப்பேன். ஏடு விட்டுக் குடுத்தா கடைக்காரன்கிட்டயே போயிரும்."

படிச்ச எனக்குத் தோணாதது இது. என் ஃபிளாட் விலையில பத்துல ஒரு பங்கு கூட இருக்காது அந்தப் படகு, ஆனா அவர் பத்து நாள் காத்திருந்து பலகை வாங்கறார். நான் அஞ்சு லட்சத்தைப் பத்து நிமிஷத்துல முடிச்சேன்.

இனி, எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு பார்ப்போம். யூடியூப்ல நூறு டிப்ஸ் இருக்கு, அதுல பாதி ஏமாத்து வேலை செய்யறவங்களுக்கும் தெரிஞ்சது. உதாரணத்துக்கு, "செவப்பா இருந்தா மரைன்"னு ஒரு நம்பிக்கை. நல்ல மரைன் பிளைல மேல் ஏடா மியான்மர்ல இருந்து வந்த கர்ஜன் மரம் போடுவாங்க, அது இயற்கையாவே செவப்பு கலந்த பழுப்பு. 2014 ஏப்ரல்ல மியான்மர் மரத்தடி ஏற்றுமதியையே நிறுத்திடுச்சு. ஆனா கடையில செவப்புப் பலகைக்குப் பஞ்சமே இல்லை, ஏன்னா சாயத்துக்கு ஏற்றுமதித் தடை கிடையாதே! ஈரத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க, சில பலகைல கையில வரும்.

ஓரத்தைப் பார்க்கறது கொஞ்சம் நம்பகமானது. ஃபீனால் பசை கரும்பழுப்பு, அதனால ஏடுக்கும் ஏடுக்கும் நடுவுல கருப்புக் கோடு தெரியும். யூரியா பசை வெளிறி இருக்கும். பசையிலயும் கலர் கலக்கறவங்க உண்டு, அதனால கருப்புக் கோடு இருந்தா மரைன்னு முடிவு பண்ணாதீங்க. கோடு வெளிறி இருந்தா சந்தேகப்படுங்க, அந்த அளவுக்கு இது உதவும். ஏடுகளை எண்ணுங்க. நல்ல 19 மி.மீ. பலகைல பொதுவா 11, 13 ஏடு இருக்கும். நடுவுல சந்து இருக்கா, ஒரு ஏடு மேல இன்னொண்ணு ஏறி இருக்கான்னு பாருங்க. சந்து இருந்தா அங்கதான் ஸ்க்ரூ பிடிக்காது, அங்கதான் தண்ணி தங்கும்.

எடையும் ஒரு துப்பு. எட்டுக்கு நாலு 19 மி.மீ. ஷீட்டோட கன அளவு சுமார் 0.056 கன மீட்டர். கெட்டியான மரத்துல செஞ்சது 35-லிருந்து 40 கிலோ பக்கம் வரும். ஒரு ஆள் அலேக்கா தலைல வெச்சு மாடி ஏறினா, உள்ள லேசான மரம். அப்புறம் தடிமன். 19 மி.மீ.ன்னு சொன்ன பலகையில 5 சதவீதம் முன்னப்பின்ன இருக்கலாம், அதாவது 18 மி.மீ.க்குக் கீழ போகக் கூடாது. ஆன்லைன்ல சின்ன வெர்னியர் ஒண்ணு நாம வாங்கற பீட்சா விலைக்குக் கிடைக்கும். 19-ன்னு பில் போட்டு 16 இறக்கறது மரைன் மோசடியை விட சகஜம், யாரும் பேசறதில்லை.

வீட்டுலயே கொதிக்க வெச்சுப் பார்க்கலாமான்னா, பார்க்கலாம். மூணு இஞ்ச் துண்டு ஒண்ணை ஏழெட்டு மணி நேரம் கொதிக்க வெச்சு, கத்தி முனையால ஏட்டை நெம்புங்க. எம்ஆரா இருந்தா பெரும்பாலும் அதுக்குள்ளயே பிரிய ஆரம்பிச்சுடும். ஆனா பிடபிள்யூஆரையும் மரைனையும் இந்த டெஸ்ட் பிரிச்சுக் காட்டாது, அதுக்கு 72 மணி நேரம் வேணும், சிலிண்டர் யார் கொடுக்கறது? ஒரு எச்சரிக்கை: சமையல் பாத்திரத்துல செய்யாதீங்க. பசையும் மர மருந்தும் கலந்த தண்ணி அது. பழைய தகர டப்பால, வெளில வெச்சு செய்யுங்க. என் மனைவி என் வாழ்க்கையில ஒரு குக்கரை மன்னிச்சிருக்காங்க, உங்க வீட்டுல எப்படின்னு தெரியலை.

இதெல்லாம் துப்புதான். ஆதாரம்னா ஒண்ணே ஒண்ணுதான், பலகை மேல இருக்கற முத்திரை.

ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல ஐஎஸ் எண் இருக்கும், கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கற லைசென்ஸ் எண் இருக்கும். ரெண்டையும் படிங்க. மேல 710 இருந்தா மரைன். 303 இருந்தா இல்லை, பலகை முழுக்க "மரைன்"னு தங்க எழுத்துல அச்சடிச்சிருந்தாலும் இல்லை. "710 டைப்", "710 கிரேடு", "பிடபிள்யூபி குவாலிட்டி", "ஐஎஸ்ஓ 9001 கம்பெனி" இதெல்லாம் முத்திரை கிடையாது, விளம்பரம். ஐஎஸ்ஓ சான்று தொழிற்சாலை நிர்வாகத்துக்குக் கொடுக்கறது, உங்க பலகைக்கு இல்லை.

பிஐஎஸ் கேர்னு அரசாங்கத்தோட ஆப் இருக்கு, இலவசம். அதுல லைசென்ஸ் சரிபார்க்கற இடத்துல சிஎம்/எல் எண்ணைப் போட்டா, எந்தக் கம்பெனி, எந்த ஊர் ஃபேக்டரி, எந்த ஐஎஸ் எண்ணுக்கு லைசென்ஸ், இன்னும் உயிரோட இருக்கான்னு எல்லாம் வரும். முக்கியமான நுணுக்கம் இது: ஒரே ஃபேக்டரி 303-க்கு ஒரு லைசென்ஸும் 710-க்கு வேற லைசென்ஸும் வெச்சிருக்கும், எண் வேற வேற. பலகைல 710-ன்னு போட்டு, ஆப்ல அந்த எண் 303-ன்னு வந்தா, அங்கேயே லோடைத் திருப்பி அனுப்புங்க. ஐஎஸ்ஐ முத்திரையைப் பொய்யா போடறது 2016 பிஐஎஸ் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே குறைஞ்சது 2 லட்சம் அபராதம், ரெண்டு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. அதே ஆப்ல புகாரும் கொடுக்கலாம்.

செக் பண்ண வேண்டிய நேரம் கடையில இல்லை. சாம்பிள் எப்பவுமே நல்லாதான் இருக்கும். ஷீட் உங்க வீட்டுக்கு வந்து இறங்கற அன்னைக்கு அரை நாள் லீவு போடுங்க. ஆசாரி ரம்பத்தை வெக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷீட் முத்திரையையும் போட்டோ எடுங்க. ஒருதரம் அறுத்து மைக்கா ஒட்டிட்டா, அடுத்த புயல் வரைக்கும் உண்மை வெளில வராது.

இப்போ நம்ம ஏரியா, பில்.

பில்லை நாம வரியாவே பார்க்கறோம். "18 பர்சன்ட் கட்டினா எனக்கு என்ன லாபம், இன்புட் கிரெடிட்டா எடுக்கப் போறேன்?"னு கேப்பீங்க. சம்பளக்காரங்களுக்கு கிரெடிட் கிடையாது, உண்மைதான். ஆனா இந்த 18 பர்சன்டை இன்ஷூரன்ஸ் பிரீமியமா பாருங்க. பில்லுல கம்பெனி பேர், "ஐஎஸ் 710", தடிமன், எத்தனை ஷீட், ஹெச்எஸ்என் 4412, கடையோட ஜிஎஸ்டி எண் எல்லாம் இருந்தா, "நான் மரைன்னு சொல்லவே இல்லையே"ன்னு யாரும் பின்னாடி பேச முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி மாவட்ட ஆணையத்துல 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குப் புகார் கட்டணமே இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். 1915-க்குப் போன் பண்ணாலே பாதி கடைக்காரங்க இறங்கி வருவாங்க. எல்லாத்துக்கும் அந்த ஒரு காகிதம் வேணும். "லைஃப்டைம் கேரன்டி" கார்டும் அப்படித்தான். நான் படிச்சுப் பார்த்த கார்டுகள்ல எல்லாம் பொடி எழுத்துல ஒரிஜினல் பில் கேக்குது, அதுவும் பலகைக்குப் பதில் பலகைதான், ஆசாரி கூலியும் மைக்காவும் உங்க தலையில.

நான் அன்னைக்கு என்ன செஞ்சிருக்கணும்னு அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். என் கொட்டேஷன்ல இருந்த அன்றைய விலை: மரைன் ஸ்கொயர் ஃபீட் 120, பிடபிள்யூஆர் 90, எம்ஆர் 70. உங்க கடையில வேற இருக்கும், முறையை மட்டும் எடுத்துக்கோங்க.

30 ஷீட், ஒண்ணு 32 சதுர அடி, மொத்தம் 960. எல்லாமே மரைன்னா 1,15,200. எல்லாமே எம்ஆர்னா 67,200. வித்தியாசம் 48,000. இதைக் கையிலிருந்து கொடுத்தா 48,000. நான் 13 சதவீத பர்சனல் லோன்ல நாலு வருஷத்துக்குக் கொடுத்தேன், அதனால எனக்கு அது ஏறக்குறைய 61,800. இல்லாத மரைனுக்கு மாசம் 1,288 ரூபா இஎம்ஐ கட்டியிருக்கேன்!

சரி, உண்மையிலேயே மரைன் எங்கெங்க வேணும்? சிங்க் அடி, கிச்சன் கீழ் வரிசை, பாத்ரூம் கப்போர்ட். என் வீட்டுக்கு 8 ஷீட். மீதி 22 ஷீட்டுக்கு, கடல் பக்கம்ங்கறதால, பிடபிள்யூஆர் போதும். 8 ஷீட் மரைன் 30,720. 22 ஷீட் பிடபிள்யூஆர் 63,360. கூட்டினா 94,080. இதுக்கு முழு ஜிஎஸ்டியும் போட்டு, கணீர்னு பில் வாங்கினா 1,11,014.

அதாவது வீடு முழுக்க "மரைன்"னு பில் இல்லாம வாங்கறதை விட, தேவையான இடத்துக்கு மட்டும் நிஜ மரைன் போட்டு, பைசா சுத்தமா வரி கட்டி, பில் வாங்கறது நாலாயிரம் ரூபா குறைவு. இந்தக் கணக்கைப் போட எனக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் லேட்டா.

அதனால அந்தத் தம்பிக்கு என் பதில்: வீடு முழுக்க வேண்டாம். கடல் காத்து பிளைவுட்டைத் தேடி வந்து தின்னறதில்லை, அது முதல்ல தின்னறது இரும்பை. எங்க வீட்டுல பெட்ரூம் வார்ட்ரோப் பலகை, அதே எம்ஆர், இன்னைக்கும் கல்லு மாதிரி நிக்குது. மூணாம் வருஷமே துருப்பிடிச்சுக் கழண்டது அதோட கீல்தான். மரைனுக்குக் கொடுக்கற காசுல ஒரு பங்கை எஸ்எஸ் 304 கீலுக்கும் சேனலுக்கும் கொடுங்க. இன்னொரு பங்கை ஓரத்துக்குக் கொடுங்க. அறுத்த ஓரம், குழாய்க்குப் போட்ட ஓட்டை, தரையைப் பார்த்த பக்கம் மூணையும் அடைக்காம விட்டா படகுக்காரர் சொன்ன கதைதான். கிச்சன் கீழ் கப்போர்டைத் தரையில உக்கார வைக்காம பிவிசி கால் மேல நாலு இஞ்ச் தூக்கி வைங்க. என் வீட்டுல அந்தக் கால் இருந்திருந்தா எம்ஆர் கூட அந்த ராத்திரி தப்பிச்சிருக்கும்.

எதிர்வாதம் ஒண்ணு உண்டு, நியாயமானதுதான். "ஒருதரம் செய்யறோம், முப்பது ஷீட்டுக்கு இருபதாயிரம் கூட ஆகுது, நிம்மதிக்குப் போடறேனே"ன்னு என் மச்சான் சொல்றான். சொந்தக் காசா இருந்து, பில்லும் முத்திரையும் இருந்தா தாராளமா போடு மாப்ளே. என் சண்டை லோன் வாங்கி, பில் இல்லாம வாங்கற நிம்மதியோட மட்டும்தான்.

கான்ட்ராக்டர் பேக்கேஜ்ல இதைச் செய்யறது கஷ்டம், ஏன்னா பலகை எங்கிருந்து வருதுன்னே உங்களுக்குத் தெரியாது. முடிஞ்சா பலகையை நீங்களே கடையில உங்க பேர்ல பில் போட்டு வாங்குங்க, ஆசாரிக்குக் கூலி மட்டும் கொடுங்க. சின்ன ஆசாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரா இருக்கலாம், வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழன்னா அவருக்கு அது தேவையும் இல்லை, உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. ஆனா கையெழுத்துப் போட்ட ரசீது தரலாம், பணத்தை யுபிஐல அனுப்புங்க. பேக்கேஜ்தான் வேணும்னா, அக்ரிமென்ட்ல "ஐஎஸ் 710 முத்திரையும் சிஎம்/எல் எண்ணும் உள்ள ஷீட், அறுக்கறதுக்கு முன்னாடி காட்டப்படும்"னு ஒரு வரி போடச் சொல்லுங்க. போடமாட்டேன்னா உங்க அரை நாள் லீவு மிச்சம், வேற ஆளைப் பாருங்க. மொத்தமா ரொக்கம் கேட்டா இன்னொண்ணும் ஞாபகப்படுத்துங்க: ஒரு வேலைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வருமான வரிச் சட்டப்படி வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க, நல்லா வேலை செய்யும்.

எங்க சிங்க் அடியில இப்போ என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பலகையே இல்லை. எங்கம்மா வந்து பார்த்துட்டு, "நம்ம பழைய வீட்டுல கடப்பா கல்லுதானேடா போட்டிருந்தோம், முப்பது வருஷமா உப்புச்சா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கம் கடப்பா கல் நிறுத்தி, குறுக்கே ஒரு கல் தட்டு, முன்னால மட்டும் 710 முத்திரை போட்ட பலகையில ரெண்டு கதவு. ஒரு ஷீட்டுல பாதிதான் ஆச்சு. மீதிப் பாதியில ஒரு துண்டை உப்புத் தண்ணி டப்பால போட்டு பால்கனியில வெச்சிருந்தேன், பத்தாம் நாள் உளியால நெம்பினேன். விட்டுக் கொடுக்கலை. பில் ஃபைல்ல இருக்கு.